ஸ்டெல்லா திறக்க மறுத்த கதவு

மின் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாய்களைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பூட்டிய கேட்டைப் பற்றியும், "போன தடவை ஏன் இவ்வளவு பில் வந்துச்சு?" என்று வாசலிலேயே நம்மைப் பிடித்துக்கொள்பவர்களைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். பூச்சிகளைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்க உங்களுக்கும் கூச்சமாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டுக்கால் பூச்சியைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்களே என்று தோன்றும்.

நாம் திறக்கிற மீட்டர் பெட்டிகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்ளே இருட்டு, லேசான சூடு, மழை படாத இடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாம் வந்து திறப்பதைத் தவிர வேறு தொந்தரவு கிடையாது. ஒரு சிலந்திக்கு இதைவிட நல்ல வீடு தாம்பரம் வட்டாரத்தில் கிடைக்காது. சிவப்பெறும்பும் வரும், குளவி மண் வைத்துக் கூடு கட்டும், மழைக்காலத்தில் பூரானும் தேளும் ஏறி உட்கார்ந்திருக்கும். பணியில் இருந்த காலம் முழுக்க இவற்றோடுதான் எனக்குப் புழக்கம். ஆனால் எனக்கு இயல்பிலேயே பூச்சி பயம் குறைவு. அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஸ்டெல்லாவிடம் இருக்கிறது. அதனால் அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டெல்லா எங்கள் ஆபீஸில் பல வருடங்கள் ரெக்கார்டு ரூமில் இருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. நாற்பது வயதைத் தாண்டியபின் பதவி உயர்வில் வெளிவேலைக்கு வந்தாள். என்னைவிட வயதில் சிறியவள். அஸ்தினாபுரம் பக்கத்துத் தெருக்களை அவளுக்கும் எனக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். வந்த முதல் நாளே சொன்னாள், "அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு எட்டுக்கால் பூச்சின்னா ஆகாது. படத்துல பார்த்தாக்கூட கை சில்லுன்னு ஆயிடும்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் பிறந்து வளர்ந்தது கோவளத்தில், மீன் பிடிக்கிற குடும்பத்தில். உயிர் நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, பேச்சை நிறுத்தாமலே கூடையில் போடுகிறவள். "நண்டுக்கும் கால் நிறைய இருக்கே?" என்று கேட்டேன்.

"அதையேதான் எங்க வீட்டுக்காரரும் கேப்பாரு. தெரியல அக்கா. அது வேற, இது வேற."

அடுத்த சில நாட்களிலேயே அது நடந்தது. ஒரு பழைய வீடு. வாசல்படிக்கு மேலே, கொஞ்சம் உயரத்தில் மரப்பெட்டி. ஸ்டெல்லா படியில் ஏறி நின்று கதவை இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, வயிற்றுக்கடியில் வெள்ளைப் பொட்டுபோல முட்டைப்பையைப் பிடித்தபடி, கதவின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் பெட்டியின் மறுபக்கத்துக்கு ஓடியது. அவ்வளவுதான். ஸ்டெல்லா பின்னால் துள்ளினாள். பின்னால் படி இல்லை. கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்மேல் விழுந்து, ஸ்கூட்டரோடு தரையில் சாய்ந்தாள். தெருமுனையிலிருந்து நான் ஓடி வந்தபோது வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலும்பு முறிந்திருந்தது.

குரோம்பேட்டையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வெளியே வரும்போது அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அது என்னைத் தொடக்கூட இல்ல அக்கா. அது அந்தப் பக்கம்தான் ஓடுச்சு. நானாத்தான் கையை உடைச்சிக்கிட்டேன்."

எங்கள் அதிகாரி நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து பார்த்தார். "ஸ்டெல்லாம்மா, கஷ்டப்பட வேண்டாம். மறுபடியும் ரெக்கார்டு ரூமுக்கே எழுதித் தரேன்" என்றார். பதவி உயர்வை விட வேண்டியிருக்கும், ஆனால் நிம்மதி. ஸ்டெல்லா மறுத்துவிட்டாள். அவர் போனபின், ஏன் என்று கேட்டேன். "எனக்கு இந்த வெயில் பிடிச்சிருக்கு அக்கா. தெருவுல நடக்கறது பிடிச்சிருக்கு. அந்த ரூமுக்குத் திரும்பப் போக மாட்டேன். இதுக்கு ஒரு வழி பண்ணணும்."

அவள் பண்ணிய வழியை யாரும் சொல்லித் தரவில்லை. லீவில் இருந்தபோது ஒருநாள் பார்க்கப் போனேன். வெளி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறை வாசலை ஒட்டிப் போட்டுக்கொண்டு, இடது கையால் காபி குடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே "உக்காருங்க அக்கா" என்றாள். எதிரே சுவர்க்கடிகாரம். அதன் ஓரத்தில் நாலு கால்கள் எட்டிப் பார்த்தன.

"அதை அடிக்காதேன்னு வீட்ல சொல்லிட்டேன்" என்றாள். "முதல்ல போன்ல படம் பார்த்தேன். சின்னதா வெச்சு, அப்புறம் பெருசா. அது பழகினப்புறம் இவரு. முதல் நாள் வாசலுக்கு வெளிய நின்னு பார்த்தேன். நெஞ்சு அடிச்சிக்கிச்சு. ஓடாம நின்னேன். கொஞ்ச நேரத்துல அதுவா அடங்கிடுச்சு. அடங்கினப்புறம்தான் எழுந்து போவேன். நடுவுல எழுந்து போனா மறுநாள் பயம் ஜாஸ்தியாயிடுது, கவனிச்சேன்."

நாற்காலியை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறாள். அன்றைக்கு அறையின் பாதிகூட வரவில்லை. ஆனால் அந்தச் சிலந்தியைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. சாயங்காலம் விளக்கு போட்டதும் கரப்பான்பூச்சிக்காகக் கீழே இறங்கும். ஆள் நடந்தால் எப்போதும் நம்மைவிட்டு விலகித்தான் ஓடும். மூலையில் அடைத்தால் மட்டும் குழம்பி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாயும்.

"நண்டுக்கு ஏன் பயப்படலன்னு இப்பதான் புரியுது அக்கா. அதோட கொடுக்கு எதுவரைக்கும் வரும்னு எனக்குத் தெரியும். இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாம இருந்தேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டினால் கடிகாரத்துக்காரர் ஓடிவிடுவார் என்று சும்மா இருந்தேன்.

கட்டு பிரித்து வேலைக்குத் திரும்பிய வாரம், ஆபீஸில் தினேஷ் என்று ஒரு பையன், உங்களைப்போல அப்போது புதிதாகச் சேர்ந்தவன், கெட்ட எண்ணம் இல்லாமல் ஒரு காரியம் செய்தான். பயத்தை ஒரே அடியில் போக்கிவிடலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான். கடையில் ரப்பர் சிலந்தி ஒன்றை வாங்கி ஸ்டெல்லாவின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிட்டான். அவள் கையைவிட்டாள். டப்பா ஒருபக்கம், சாம்பார் ஒருபக்கம். அவள் முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்ததும் சிரித்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனபின் நாற்காலி மறுபடியும் சமையலறை வாசலுக்கே போய்விட்டது. பல நாள் உழைப்பு, ஒரு நிமிட விளையாட்டில் போனது.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது அவள் மறுநாள் செய்ததைத்தான். தினேஷைக் கூப்பிட்டாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அந்தப் பொம்மை எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் அக்கா. சாரி அக்கா."

"இன்னொண்ணு வாங்கிட்டு வா. என் டேபிள்ல அந்த ஓரத்துல வை. நான் சொல்லும்போது மட்டும் கிட்ட தள்ளு. நீயா தள்ளாதே. புரியுதா?"

அதன்பிறகு தினேஷ்தான் அவளுக்குப் பெரிய துணை. காலையில் வந்ததும் "இன்னிக்கு எவ்ளோ அக்கா?" என்று கேட்பான். "ஒரு விரக்கடை" என்பாள். தள்ளிவிட்டுப் போவான். கடைசியில் அந்த ரப்பர் சிலந்தி அவள் பேனா ஸ்டாண்டுக்கே வந்து சேர்ந்தது. பயப்படுகிறவரை யாரும் தள்ளக்கூடாது, ஆனால் அவர் கேட்டால் கூட நிற்க வேண்டும் என்பதை நான் அந்த இருவரையும் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இனி தெருவில் அவள் நடந்துகொண்ட விதம். பயம் போகப் போக மனிதர்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஸ்டெல்லா நேர்மாறாக ஆனாள். பெட்டிக்கு நேர் எதிரே நிற்க மாட்டாள், பக்கவாட்டில் நிற்பாள். காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பாள். காய்ந்த மரஸ்கேல் ஒன்று வைத்திருந்தாள். அதனால் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பது நகர்ந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுப்பாள். அதே ஸ்கேல் நுனியால் கதவை விலக்குவாள். டார்ச் அடிப்பாள். கண் போகாத இடத்துக்குக் கை போகாது. முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ. சிலந்தி இருந்தால் "இருங்க, ஒரு நிமிஷம்தான்" என்று அதனிடமே சொல்லிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு மூடிவிடுவாள். மருந்தடிக்கவும் மாட்டாள், நசுக்கவும் மாட்டாள். தேளோ பூரானோ தெரிந்தால் தொடாமல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். குளவி கொட்டினால் யாருக்கு ஆபத்து, எப்போது ஆபத்து என்பதையெல்லாம் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் வேலை மெனக்கெட்டுப் போய்க் கேட்டு வந்தாள். கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கினால் வலியோடு போகும். உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று எனக்கும் சொல்லி வைத்தாள். நல்லவேளை, சொல்லி வைத்தாள்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனைத் தாண்டி உள்ளே ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. எல்லா வீட்டு மீட்டரும் அதற்குள்தான். அன்று அந்தப் பகுதிக்கு ரீடிங் எடுக்கக் கடைசி நாள். ஒரு வீட்டில் பில் தகராறு இருந்ததால் நானும் கூடப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரம்.

ஸ்டெல்லா கதவுக்குக் கிட்டப் போனாள். ஸ்கேலை உயர்த்தியவள் தட்டாமல் அப்படியே நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கதவுக்கு மேலே இருந்த காற்றுத்துளையைக் காட்டினாள். பெரிய குளவிகள், கதண்டு என்று சொல்வார்களே அந்த வகை, ஒன்று நுழைய, ஒன்று வெளியே வர, வரிசையாகப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. உள்ளே தூரத்து மோட்டார்போல ஒரு ரீங்காரம்.

அவள் சத்தமில்லாமல் பின்னால் நடந்து வந்தாள். "இது நம்ம வேலை இல்ல அக்கா. தீயணைப்புக்காரங்க வரணும். நான் திறக்க மாட்டேன்."

வாட்ச்மேன் கன்னியப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் ஓடியாடி உதவுகிறவர். அவர் சிரித்துவிட்டார். "இன்னாமா, இதுக்குப் போயி பயந்துகினு கீறீங்க? அது ரெண்டு வாரமா இங்கதான் கீது. ஒண்ணும் பண்ணாது. கரண்ட் ஆபீஸ்ல வேலை பண்ணிகினு பூச்சிக்குப் பயப்படலாமா?"

மேலே பால்கனியிலிருந்து யாரோ சிரித்தார்கள். இன்னொரு பெண் குரல், "கடைசி நாளாச்சே, ரீடிங் எடுக்கலைன்னா பில் எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டது.

நான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி என்ற பெயரைத் துடைக்க எவ்வளவு பாடுபட்டவள் என்று எனக்குத் தெரியும். திறந்து காட்டிவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும். அவள் பால்கனியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஆமாங்க, பயமாத்தான் இருக்கு. பயப்பட வேண்டிய விஷயம்தான் இது. கதவைத் திறக்க மாட்டேன், யாரும் திறக்கவும் வேண்டாம். பில்லை ஆபீஸ்ல பேசிக்கலாம்."

என் பணிக்காலத்தில் துணிச்சலான காரியங்கள் பல பார்த்திருக்கிறேன். அதைவிடத் துணிச்சலான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவள் போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசிக்கொண்டே கேட் பக்கம் நடந்தாள். நானும் கூட நடந்தேன். கன்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. உதவி செய்கிற எண்ணம்தான். "நா பாத்துக்கறேன்மா, ஒரு நிமிசம்" என்றபடி நீளமான ஒட்டடைக் கம்பின் நுனியில் துணி சுற்றிக் கொளுத்தினார். "அண்ணா வேணாம்!" என்று ஸ்டெல்லா திரும்பிக் கத்துவதற்குள் கதவை இழுத்துக் கம்பை உள்ளே குத்திவிட்டார்.

அவை வெளியே வந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. கன்னியப்பன் கைகளை வீசிக்கொண்டு இரண்டடி ஓடினார். கைவீச வீச அவை அவர்மேலேயே அப்பின. மாடிப்படியருகே தடுக்கி விழுந்தார். கம்பு தண்ணீர்த் தேங்கலில் விழுந்து அணைந்தது, அது ஒரு நல்ல காலம்.

அதே நேரம் தெருவில் ஹாரன். பள்ளி வேன் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"அக்கா, வேன்! யாரும் இறங்கக் கூடாது, கண்ணாடியை ஏத்தச் சொல்லுங்க!" என்றாள் ஸ்டெல்லா. நான் ஓடினேன். டிரைவர் நான் கையாட்டியதைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருமுனைக்கே கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திரும்பிப் பார்த்தபோது ஸ்டெல்லா கொடியில் காய்ந்த கம்பளி இரண்டை உருவியிருந்தாள். ஒன்றைத் தலையோடு போர்த்தி, முகத்தில் கண்ணுக்கு மட்டும் இடைவெளி விட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்திருந்தாள். "கீழ் வீட்டுக்காரங்க, கதவைத் திறந்து வைங்க! நான் சொன்னதும் சாத்துங்க!" என்று குரல் கொடுத்தாள். தரைத்தள வீட்டு அம்மா கதவைத் திறந்துகொண்டு நின்றார். ஸ்டெல்லா குனிந்து, கையை வீசாமல், வேகமாக நடந்தாள். கன்னியப்பன்மேல் கம்பளியைப் போட்டு மூடி, கக்கத்தில் கைகொடுத்து, தூக்கிப் பாதி இழுத்துப் பாதி என்று அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டாள். அந்த அம்மா கதவைச் சாத்தினார்.

நான் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி, அந்த வீட்டின் பின்கதவைத் தட்டி உள்ளே போனேன். கன்னியப்பனின் முகமும் கழுத்தும் தடித்துக் கிடந்தன. வீட்டு அம்மா பதறிப்போய்ச் சுண்ணாம்பு கொண்டு வந்தார்.

"அதெல்லாம் அப்புறம்மா" என்றாள் ஸ்டெல்லா. "அண்ணா, என்னைப் பாருங்க. உங்க பேர் சொல்லுங்க."

அவர் சொன்னார். குரல் கரகரத்து, அடைத்துக்கொண்டு வந்தது. உதடு கண் முன்னாலேயே தடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேளச்சேரி ரோட்டு நெரிசலைத் தாண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. பின்தெருவில் அந்த வீட்டுப் பையனின் கார் நின்றது. அவரைச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினோம். வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "குளவி நிறைய கொட்டியிருக்கு, தொண்டை அடைக்குது, மூச்சு கஷ்டமா இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டதால் வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மார்பு ஏறி இறங்குவது சீராவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாமதிக்காமல் கொண்டு வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர்.

அதற்கப்புறம்தான் ஸ்டெல்லா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் கொட்டியிருந்தது. அவளையும் உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் கண்காணித்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள். சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் உரிய உடையோடு வந்து கூட்டை அகற்றியதாகச் செய்தி வந்தது. ரீடிங் எடுக்காததற்கு எங்கள் அதிகாரி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் கன்னியப்பனைப் பார்க்கப் போனோம். முகத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. ஒரு கண்தான் திறந்தது. அந்த ஒரு கண்ணால் ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னார்:

"நேத்து உங்கள கிண்டல் பண்ணேன்மா. அவ்ளோ பூச்சிக்கு நடுவுல நீங்கதான் உள்ள வந்தீங்க. உங்களுக்குப் பயமே இல்லியாமா?"

ஸ்டெல்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"யாருண்ணா சொன்னா? கால் ரெண்டும் நடுநடுங்குச்சு" என்றாள். "நடுங்கினாலும் கால் நடக்கும் அண்ணா. அதை மட்டும்தான் நான் கத்துக்கிட்டேன்."